காடு கூடுகிறதா, குறைகிறதா? உலக வனக் கணக்கை வாசிப்பது எப்படி

2025ஆம் ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில், காடுகளைப் பற்றி இரண்டு செய்திகள் உலகெங்கும் வெளியாயின. வெப்பமண்டலத்தின் தொன்மைக் காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் 2024ஆம் ஆண்டில் மட்டும் அழிந்தது என்றும், அந்தத் தரவுத் தொகுப்பில் அதுவரை பதிவான இழப்புகளிலேயே இதுதான் மிகப் பெரியது என்றும் மே மாதச் செய்தி சொன்னது. அக்டோபர் மாதச் செய்தியோ, 1990களோடு ஒப்பிடும்போது உலகில் காடழிப்பின் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றது. முதலாவது, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் ஆய்வை வைத்து 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' தளம் வெளியிட்ட கணக்கு. இரண்டாவது, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ., ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் உலக வனவள மதிப்பீடு.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு, யாரோ ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்ற ஐயம் எழுவது இயல்பு. உண்மையில், தத்தம் வரையறைக்குள் இரண்டுமே சரியான கணக்குகள். குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, காடு எப்படி வரையறுக்கப்படுகிறது, எப்படி அளக்கப்படுகிறது, யாரால் அறிக்கையாகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. காடு காக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு நாடுகள் தரும் பதில்கள் எல்லாம் இந்த அளவீடுகளின் மேல்தான் நிற்கின்றன. எனவே இதை வல்லுநர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

எது காடு?

எஃப்.ஏ.ஓ.வின் வரையறைப்படி ஒரு நிலம் காடாகக் கணக்கிடப்பட மூன்று எண்களைத் தாண்ட வேண்டும்.

1. பரப்பு 0.5 ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும்.
2. மரங்கள் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும், அல்லது அதே இடத்தில் அந்த உயரத்தை எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும்.
3. விதானம், அதாவது கிளைகளும் இலைகளும் சேர்ந்து தரைக்கு மேல் விரிக்கும் கூரை, நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு: அந்த நிலம் முதன்மையாக வேளாண்மைக்கோ நகரப் பயன்பாட்டுக்கோ உரியதாக இருக்கக் கூடாது. ஆகவே இந்த வரையறை மரங்களைப் பார்ப்பதோடு நிற்காமல், நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் கேட்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எளிமையான இந்த வரையறையிலிருந்து கிளம்பும் விளைவுகள் பலருக்கு வியப்பைத் தரும்.

ஒரு காட்டில் மரங்களையெல்லாம் ஒருசேர வெட்டிவிட்டு, அங்கே மீண்டும் மரம் வளர்ப்பதாக இருந்தால், வெட்டவெளியாகக் கிடக்கும் அந்த இடைக்காலத்திலும் அது காடுதான். நிலத்தின் பயன்பாடு மாறவில்லை என்பதே காரணம். ரப்பர் மரத் தோட்டம் இந்த வரையறையில் காடாகச் சேரும். எண்ணெய்ப் பனைத் தோட்டமும் பழத்தோட்டமும் சேராது. எல்லாவற்றையும்விட என்னைக் கவலைகொள்ள வைப்பது மூன்றாவது விளைவு. 80 சதவீத விதானத்தோடு அடர்ந்து நின்ற ஒரு மழைக்காட்டில் பெருமரங்களை ஒவ்வொன்றாக வெட்டிக் கடத்தி, விதானம் 15 சதவீதமாகச் சுருங்கிவிட்டாலும், பட்டியலில் அது காடாகவே நீடிக்கும். அங்கே பதிவாகும் காடழிப்பு பூஜ்யம். அந்த இழப்புக்குக் காட்டின் சீரழிவு என்று பெயர். காடழிப்பை அளக்க ஓரளவு பொது உடன்பாடு இருக்கிறது. சீரழிவை அளப்பதற்கு நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இன்றுவரை இல்லை.

இந்த வரையறையும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் வளர்ந்த நாடுகளுக்கு 20 சதவீத விதானம், வளரும் நாடுகளுக்கு 10 சதவீதம் என இருவேறு வரம்புகள் இருந்தன. 2000ஆம் ஆண்டு மதிப்பீட்டில்தான் எல்லோருக்கும் 10 சதவீதம் என்று ஒன்றாக்கப்பட்டது. காலநிலை உடன்படிக்கையின் கீழ் 2001இல் மராகேஷில் ஏற்கப்பட்ட விதிகளோ, பரப்பு 0.05 முதல் 1 ஹெக்டேர், விதானம் 10 முதல் 30 சதவீதம், உயரம் 2 முதல் 5 மீட்டர் என்ற எல்லைகளுக்குள் ஒவ்வொரு நாடும் தனக்குரிய வரம்பைத் தேர்ந்துகொள்ள இடம் கொடுத்தன. ஆக, ஒரே நாட்டின் காட்டுப் பரப்பு இரண்டு சர்வதேச ஆவணங்களில் இரண்டு எண்களாக இருப்பதில் முறைகேடு எதுவும் இருந்தாக வேண்டியதில்லை.

எண் பிறக்கும் இடம்

உலக மொத்தம் என்று நாம் படிக்கும் எண், எங்கோ ஒரு காட்டுக்குள் ஒரு மரத்தைச் சுற்றிப் பிடிக்கப்பட்ட நாடாவிலிருந்து தொடங்குகிறது. தேசிய வனக் கணக்கெடுப்பில் காடு முழுவதையும் யாரும் அளப்பதில்லை. வரைபடத்தின் மேல் சீராகப் பரப்பிய புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மாதிரித் திட்டை அமைக்கிறார்கள். களக்குழு அந்தப் புள்ளியைத் தேடிச் சென்று, நடுவில் முளை அடித்து, குறித்த சுற்றளவுக்குள் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக அளக்கும்.

அடிமரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஒரு மனிதரின் மார்பளவில், எடுப்பது வழக்கம். இதற்கென உள்ள நாடாவில் ஒவ்வொரு 3.14 சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு இருக்கும். சுற்றளவைப் பிடித்தாலே விட்டம் தெரிந்துவிடும். தனியே வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் கணக்கிடப்படும். மழைக்காட்டில் பலகை வேர்கள் ஆளுயரத்துக்கும் மேலே ஏறியிருந்தால், அந்த வேர்ப்பலகைகள் முடியும் இடத்துக்கு மேலே ஏணி வைத்து அளக்க வேண்டும். மர இனம், உயரம், விழுந்து கிடக்கும் கட்டை, தரையில் முளைத்துவரும் கன்றுகள் எல்லாம் தாளில் ஏறும். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு குழு அதே முளையைத் தேடி வந்து, அதே மரங்களை மீண்டும் அளக்கும். அப்போதுதான் வளர்ச்சி எவ்வளவு, வெட்டு எவ்வளவு என்பது தெரியவரும். நார்வே, பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகள் இத்தகைய தேசியக் கணக்கெடுப்பை 1919 முதல் 1923 வரையான ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டன. நூறாண்டு நீண்ட தொடர் அவற்றின் கையில் இருக்கிறது.

பல நாடுகளுக்கு அந்த வசதி இல்லை. களக் கணக்கெடுப்பு செலவு மிகுந்தது; பாதை, பாதுகாப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள் என எல்லாம் வேண்டும். அப்படியிருந்தும் எஃப்.ஏ.ஓ.வின் படிவம் எல்லா நாடுகளுக்கும் ஒன்றுதான். 1948இல் முதல் உலக மதிப்பீட்டை வெளியிட்ட இந்த அமைப்பு, காடுகளைத் தானே நேரில் அளப்பதில்லை. ஒவ்வொரு நாடும் நியமிக்கும் தேசியத் தொடர்பாளர், 1990, 2000, 2010, 2015 என்று ஆண்டுவாரியாகப் பத்திகள் பிரித்த அட்டவணைகளை நிரப்பி அனுப்புவார். எஃப்.ஏ.ஓ. அவற்றைப் பரிசீலித்துக் கேள்வி கேட்கும், விளக்கம் கோரும். இறுதி எண் அந்த நாட்டின் எண்ணாகவே வெளியாகும்.

தரவு இல்லாத பத்திகளில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கற்பனை நாட்டை வைத்துப் பார்க்கலாம். அந்த நாட்டில் கடைசிக் கணக்கெடுப்பு 1996இல் நடந்தது. அதற்கு முந்தையது 1986இல். இரண்டுக்கும் இடையில் ஆண்டுக்கு 20,000 ஹெக்டேர் குறைந்திருந்தது. 2000, 2010, 2015 பத்திகளை நிரப்ப வேண்டிய அதிகாரி, அதே வேகம் தொடர்ந்ததாகக் கொண்டு கோட்டை நீட்டுகிறார். 2018இல் புதிய செயற்கைக்கோள் வரைபடம் தயாராகிறது. முன்பு கணக்கில் வராத திறந்த காடுகள் அதில் தெரிகின்றன. இப்போது எண் திடீரென்று கூடுகிறது. காட்டில் ஒரு மரமும் கூடுதலாக முளைக்கவில்லை, அளக்கும் முறைதான் கூர்மையாகியிருக்கிறது. இந்தப் பாய்ச்சலை வளர்ச்சியாக வாசித்துவிடாமலிருக்க, பழைய பத்திகளையும் புதிய முறையில் திருத்தி எழுதும்படி எஃப்.ஏ.ஓ. கேட்கிறது. ஆகவே ஒவ்வொரு மதிப்பீடும் கடந்த காலத்தையும் புதிதாக எழுதுகிறது. 1990களில் ஆண்டுக்கு 78 லட்சம் ஹெக்டேர் நிகர இழப்பு, அதாவது அழிந்த காட்டிலிருந்து புதிதாகக் காடானதைக் கழித்த அளவு, என்று 2020 அறிக்கை சொன்னது. அதே பத்தாண்டுக்கு 1.07 கோடி ஹெக்டேர் என்கிறது 2025 அறிக்கை.

நாடுகள் தரும் எண்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை எஃப்.ஏ.ஓ.வும் அறிந்தே இருக்கிறது. 2020 மதிப்பீட்டை ஒட்டி, 126 நாடுகளைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்ட வல்லுநர்களைக் கொண்டு, உலகெங்கும் சுமார் 4 லட்சம் மாதிரி இடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, தனியானதொரு தொலையுணர்வு ஆய்வை அது நடத்தியது. நாடுகளின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய சுதந்திரமான சோதனை என்ற வகையில் இதன் மதிப்பு பெரிது.

மொத்தம் வேறு, நிகரம் வேறு

2025 மதிப்பீட்டின்படி உலகின் காட்டுப் பரப்பு 414 கோடி ஹெக்டேர். நிலப்பரப்பில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2015 முதல் 2025 வரையான பத்தாண்டுக்கு அது தரும் ஆண்டுச் சராசரிகள் இவை:

1. காடழிப்பு: 1.09 கோடி ஹெக்டேர். காட்டு நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறியதன் அளவு இது.
2. காடு விரிவு: 67.8 லட்சம் ஹெக்டேர். நடவினாலோ, கைவிடப்பட்ட நிலத்தில் தானாக மரம் வளர்ந்ததாலோ காடாக மாறிய நிலம்.
3. நிகர இழப்பு: முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் 41.2 லட்சம் ஹெக்டேர்.

1990களில் ஆண்டுக்கு 1.76 கோடி ஹெக்டேராக இருந்த காடழிப்பு 1.09 கோடியாக இறங்கியிருக்கிறது என்பதுதான் அக்டோபர் செய்தியின் சாரம். அது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் செய்தித் தலைப்புக்கு அதிகம் எடுக்கப்படும் எண் நிகர இழப்பு. அந்த எண்ணுக்குள் நூற்றாண்டுகள் பழமையான மழைக்காட்டின் ஒரு ஹெக்டேரும், வரிசையாக நட்ட ஒரே இன மரக்கன்றுகளின் ஒரு ஹெக்டேரும் சமமாகக் கழிபடுகின்றன. ஒரு நாடு 1,000 ஹெக்டேர் இயற்கைக் காட்டை அழித்து, வேறோர் இடத்தில் 1,000 ஹெக்டேர் யூகலிப்டஸ் நட்டால் அதன் நிகர இழப்பு பூஜ்யம். அந்தக் காட்டில் வாழ்ந்த உயிரினங்களுக்கும், அதை நம்பியிருந்த மக்களுக்கும் அந்தப் பூஜ்யம் எதையும் திருப்பித் தராது. நிகர எண்ணை மட்டும் தரும் எந்த அறிக்கையையும் முழுமையற்றது என்றே கொள்ள வேண்டும்.

மேலிருந்து பார்க்கும் கண்

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இல் இலவசமாக்கப்பட்டது, வனக் கண்காணிப்பில் ஒரு திருப்புமுனை. அதுவரை அரசுகள் சொன்னதை ஏற்பதைத் தவிர வழியில்லாதிருந்த உலகம், தானே பார்க்கத் தொடங்கியது. அந்தப் படங்களைக் கொண்டு மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட உலக வரைபடம், 30 மீட்டர் துல்லியத்தில், 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்போர்வை இழப்பையும் 8 லட்சம் சதுர கிலோமீட்டர் கூடுதலையும் காட்டியது. 2014இல் புதுவடிவம் பெற்ற குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளம் அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இங்கே அளக்கப்படுவது மரப்போர்வை. நிலப் பயன்பாடு என்ன என்பதை ஒரு படப்புள்ளியின் நிறம் சொல்லாது. ஆகையால் உயரமான எண்ணெய்ப் பனைத் தோட்டமும் மரப்போர்வையாகத் தெரியும். நட்ட மரங்களை அறுவடை செய்தால் அதுவும் இழப்பாகப் பதிவாகும். தொன்மைக் காட்டுக்கான கணக்கு இவ்வளவு தளர்வானதில்லை. 2001ஆம் ஆண்டு நிலையில் வெப்பமண்டல ஈரக் காடுகளில் எவை தொன்மையானவை என்று தனியே வரைந்த படத்தின் மேல் வைத்து அது எடுக்கப்படுகிறது.

இந்தப் பின்னணியில் அந்த இரண்டு செய்திகளையும் மீண்டும் பார்க்கலாம்.

1. அளந்த பொருள் வேறு. ஒன்று வெப்பமண்டலத் தொன்மைக் காட்டை மட்டும் பார்த்தது. மற்றது நடவுக் காடு உட்பட உலகின் எல்லாக் காடுகளையும் பார்த்தது.
2. எண்ணிய நிகழ்வு வேறு. 2024இன் தொன்மைக் காட்டு இழப்பில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணம் தீ. எரிந்த காடு மீண்டும் காடாகவே வளர விடப்பட்டால் எஃப்.ஏ.ஓ. கணக்கில் அது காடழிப்பாகாது. செயற்கைக்கோள் கணக்கில் அது இழப்பு.
3. காலம் வேறு. ஒன்று ஓராண்டின் உச்சம். மற்றது பத்தாண்டின் சராசரி.

காட்டை உழுது வயலாக்கும் வேகம் நீண்டகால அளவில் தணிந்திருக்க, வறட்சியும் வெப்பமும் கூடிய ஆண்டில் தீ அதே காடுகளை வரலாறு காணாத அளவில் எரித்திருக்கிறது. இரு செய்திகளையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் சித்திரம் இதுதான். தனித்தனியே வாசித்தால் கிடைப்பதைவிட இது கவலை மிகுந்த சித்திரம்.

ஒரு நாட்டின் கண்காணிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பிரேசிலைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 1988 முதல் 'ப்ரோடெஸ்' என்ற திட்டத்தின் கீழ் அமேசானில் முற்றாக வெட்டப்பட்ட பரப்பை ஆண்டுதோறும் வெளியிட்டுவருகிறது. மேகம் குறைந்த வறண்ட பருவத்துக்கு ஏற்ப அதன் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு அதில் சேராது; ஒருமுறை வெட்டுப்பட்டதாகக் குறிக்கப்பட்ட இடம், பின்னர் காடு முளைத்தாலும், மீண்டும் கணக்கில் வராது. இந்த விதிகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து பின்பற்றப்படுவதால் ஓராண்டை இன்னோராண்டோடு நம்பிக்கையாக ஒப்பிட முடிகிறது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர் என்ற உயரத்திலிருந்து 2012இல் 4,571 ஆக இறங்கியதையும், 2021இல் 13,000ஐத் தாண்டி ஏறியதையும், 2024இல் 6,288 ஆகத் திரும்ப இறங்கியதையும் ஒரே தொடரில் பார்க்கலாம். இதோடு 2004 முதல் 'டெட்டர்' என்ற எச்சரிக்கை முறையும் இயங்குகிறது. துல்லியம் குறைவானாலும் வேகம் கூடிய அதன் எச்சரிக்கைகள், வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரிகளை அந்த இடத்துக்கு அனுப்ப உதவுகின்றன.

2019இல் டெட்டர் காட்டிய ஏற்றத்தை அன்றைய அதிபர் மறுத்தார். தரவைப் பகிரங்கமாகத் தாங்கி நின்ற நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் அந்த ஆகஸ்டில் பதவியிழந்தார். அதன் பிறகு வெளியான ப்ரோடெஸ் ஆண்டுக் கணக்கும் ஏற்றத்தையே காட்டியது. தரவு திறந்து கிடந்ததால் அதை யாரும் மறைக்க முடியவில்லை. கண்காணிப்பில் தொழில்நுட்பத்துக்கு நிகராக நிறுவனத்தின் சுதந்திரமும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை.

'நிலைத்தகு' என்ற சொல்லை அளப்பது

இதுவரை சொன்னதெல்லாம் பரப்பைப் பற்றியது. காடு நிலைத்தகு முறையில் மேலாளப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. கடினமான கேள்வியும் அதுவே.

1713இல் சாக்சனியின் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தீர்ந்துபோகும் நிலையைக் கண்டு, காடு திரும்ப வளரும் அளவுக்குள்தான் வெட்ட வேண்டும் என்று எழுதினார். அன்றைய கவலை மரத்தைப் பற்றியது மட்டுமே. இன்றைய பொருள் மிக விரிந்தது. 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வாசகத்தின்படி, எல்லா வகைக் காடுகளின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் மதிப்புகளை இன்றைய தலைமுறைக்காகவும் வரும் தலைமுறைகளுக்காகவும் பேணி மேம்படுத்துவதே நிலைத்தகு வன மேலாண்மை.

இவ்வளவு பரந்த கருத்தை அளப்பதற்காக 1990களில் 'அளவுகோல்களும் சுட்டிகளும்' என்ற முறை உருவானது. எது முக்கியம் என்பதைச் சொல்வது அளவுகோல். அதை எந்த எண்ணால் அறிவது என்பதைச் சொல்வது சுட்டி. காட்டின் ஆரோக்கியம் என்பது அளவுகோல் என்றால், பூச்சியாலும் தீயாலும் பாதிக்கப்பட்ட பரப்பு அதன் சுட்டிகளில் ஒன்று. சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு 1992இல் முதலில் இதைத் தொடங்க, ஐரோப்பிய நாடுகள் ஹெல்சின்கி வழியாகவும், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மிதவெப்ப, வடபுலக் காட்டு நாடுகள் மான்ட்ரியல் வழிமுறை வழியாகவும், அமேசான் நாடுகள் டாராபோட்டோ வழியாகவும் தத்தம் பட்டியலை வகுத்தன. 1995இல் சாண்டியாகோவில் ஏற்கப்பட்ட மான்ட்ரியல் பட்டியலில் 7 அளவுகோல்களும் 67 சுட்டிகளும் இருந்தன. 67 சுட்டிகளையும் ஒழுங்காக அளப்பது வசதியான நாடுகளுக்கே இயலவில்லை. பின்னாளில் அவை 54 ஆகக் குறைக்கப்பட்டன.

பட்டியல்கள் பலவானாலும் அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுபட்டது. காட்டு வளத்தின் பரப்பு, உயிர்ப் பன்மயம், காட்டின் நலம், உற்பத்தி, மண்ணையும் நீரையும் காக்கும் பணி, சமூகப் பொருளாதாரப் பயன், சட்டமும் நிறுவனங்களும் ஆகிய ஏழு கூறுகளை ஐ.நா. வன மன்றம் 2004இல் பொதுவானவையாக ஏற்றுக்கொண்டது.

நிலைத்தகு வளர்ச்சி இலக்குகளில் 15.2.1 என்ற எண்ணைத் தாங்கிய சுட்டி, இந்த ஏழையும் ஐந்து அளவீடுகளாகச் சுருக்கியது:

1. காட்டுப் பரப்பின் நிகர மாற்ற வீதம்.
2. ஒரு ஹெக்டேர் காட்டில் தரைக்கு மேல் உள்ள உயிர்த்திரளின், அதாவது தண்டு, கிளை, இலை ஆகியவற்றின் மொத்த எடையின், அளவு.
3. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் உள்ள காட்டின் பங்கு.
4. நீண்டகால மேலாண்மைத் திட்டம் உள்ள காட்டின் பங்கு.
5. சுதந்திரமான அமைப்பின் சான்று பெற்ற காட்டின் பரப்பு.

இவற்றில் முதல் இரண்டும் காட்டை அளக்கின்றன. அடுத்த மூன்றும் காட்டைப் பற்றிய ஆவணங்களை அளக்கின்றன. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலகில் 213 கோடி ஹெக்டேர் காட்டுக்கு மேலாண்மைத் திட்டம் உண்டு என்றும், 81.3 கோடி ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இருக்கிறது என்றும் 2025 மதிப்பீடு சொல்கிறது. திட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. திட்டத்தில் அனுமதித்த அளவுக்குள்தான் வெட்டினார்களா, காவலர் பணியிடங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களைக் கேட்டு எழுதப்பட்டதா என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. சான்றிதழ்ப் பரப்பிலும் கவனம் வேண்டும். 1993இல் தோன்றிய எஃப்.எஸ்.சி., 1999இல் தோன்றிய பி.இ.எஃப்.சி. ஆகிய இரண்டு வனச் சான்றிதழ் அமைப்புகளின் சான்றையும் ஒருசேர வைத்திருக்கும் காடுகள் பல உள்ளன. அவற்றை ஒருமுறை கழிக்காமல் கூட்டினால் பரப்பு ஊதிவிடும்.

உயிர்த்திரளை அளப்பதில் இனிமேல் நல்ல முன்னேற்றம் வரக்கூடும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரலில் ஏவிய 'பயோமாஸ்' செயற்கைக்கோள், நீண்ட அலைநீள ரேடாரால் இலைகளை ஊடுருவித் தண்டையும் பெருங்கிளைகளையும் உணரும் திறன் கொண்டது. விதானம் நிற்க, உள்ளே மரம் களவுபோகும் காடுகளைக் கண்டறிய அது உதவும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது.

ஏன் இத்தனை அறிக்கைகள்?

1992இல் ரியோ மாநாட்டில் காலநிலைக்கும் உயிர்ப் பன்மயத்துக்கும் உடன்படிக்கைகள் பிறந்தன. காட்டுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. தம் காடுகளின் மீதான இறையாண்மையை விட்டுத்தர வளரும் நாடுகள் மறுத்ததால், சட்டப் பிணைப்பில்லாத கோட்பாடுகளோடு பேச்சு முடிந்தது. அதன் விளைவாகக் கார்பன் கணக்கு காலநிலை உடன்படிக்கைக்கும், வாழிடக் கணக்கு உயிர்ப் பன்மய உடன்படிக்கைக்கும், பரப்புக் கணக்கு எஃப்.ஏ.ஓ.வுக்கும், கொள்கைக் கணக்கு 2000இல் உருவான ஐ.நா. வன மன்றத்துக்கும் என்று ஒரே காடு பல படிவங்களில் சிதறியது. சிறிய நாடொன்றின் வனத்துறையில் இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே மேசைக்கு வந்து சேரும். இந்தச் சுமையைக் குறைக்கவே எஃப்.ஏ.ஓ.வும் வேறு சில அமைப்புகளும் 2011 முதல் ஒரு கூட்டு வினாப்படிவத்தைக் கொண்டுவந்தன. 21 பொதுச் சுட்டிகள் கொண்ட உலக அடிப்படைத் தொகுப்பு ஒன்றும் பின்னர் வகுக்கப்பட்டது.

எண் பணமாகவும் சட்டமாகவும் மாறும்போது

வரையறை பற்றிய விவாதம் இனி ஏட்டோடு நிற்காது. காடழிப்பைக் குறைத்த வளரும் நாடுகளுக்கு விளைவின் அடிப்படையில் பணம் தரும் 'ரெட் பிளஸ்' ஏற்பாட்டின் விதிகள் 2013இல் வார்சாவில் முழுமை பெற்றன. முன்பு எவ்வளவு காடு அழிந்தது என்ற ஒப்பீட்டு அளவை ஒரு நாடு முதலில் சமர்ப்பிக்கும். அதற்குக் கீழே இறங்கிய அளவே அதன் சாதனை. ஒப்பீட்டு அளவு மிகையாக வகுக்கப்பட்டால், எதையும் செய்யாமலே சாதனை காட்டிவிடலாம். எனவே கண்காணிப்பின் தரம் இங்கே நேரடியாகப் பணத்தின் நியாயமாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்பற்ற பொருட்களுக்கான சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் நடைமுறைத் தேதி தள்ளிவைக்கப்பட்டுவந்தாலும், அடிப்படை நிபந்தனை தெளிவானது: மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழிலிருந்து வரும் பொருட்கள், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவையாக இருக்கக் கூடாது. காட்டுக்கான வரம்பாக 0.5 ஹெக்டேர், 5 மீட்டர், 10 சதவீதம் என்ற எஃப்.ஏ.ஓ. எண்களையே அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஆனால் பட்டியலில் உள்ள பொருட்களின் தோட்டங்களை, மரம் ஒன்றைத் தவிர, வேளாண் தோட்டங்கள் என்று அது விலக்கிவிட்டது. இதனால் எஃப்.ஏ.ஓ. அட்டவணையில் காடாக நிற்கும் ஒரு ரப்பர் தோட்டம், ஐரோப்பியச் சட்டத்தில் விளைநிலம். இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் வைத்தால், முதலாவதில் காட்டுப் பரப்பு குறையாது. இரண்டாவதில் அது காடழிப்பு. அந்த ரப்பருக்கு ஐரோப்பியச் சந்தை கிடைக்காது. இந்த ஓரிடத்தில் ஐரோப்பியச் சட்டத்தின் வரையறையே காட்டின் பக்கம் நிற்கிறது என்பது என் கருத்து.

2030க்கான 3 சதவீதம்

ஐ.நா.வின் வனங்களுக்கான உத்தித் திட்டம் 2017இல் ஏற்கப்பட்டது. அதன் ஆறு இலக்குகளில் முதலாவதன் கீழ், உலகின் காட்டுப் பரப்பை 2030க்குள் 3 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற குறி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டால், இது சுமார் 12 கோடி ஹெக்டேர் கூடுதல்.

இப்போது மூன்று அறிக்கைகளின் தலைப்பு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2015 அறிக்கையில் உலகக் காட்டுப் பரப்பு 399.9 கோடி ஹெக்டேர். 2020 அறிக்கையில் 406 கோடி. 2025 அறிக்கையில் 414 கோடி. முதல் எண்ணிலிருந்து மூன்றாவது எண் 3.5 சதவீதம் கூடுதல். இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே நிறைவேறிவிட்டது என்று யாரேனும் அறிவித்தால், கையில் இந்த இரண்டு எண்களும் சான்றாக இருக்கும்.

ஆனால் அந்த மூன்று அறிக்கைகளும், தத்தம் தொடருக்குள், காடு குறைந்துகொண்டே வருகிறது என்றுதான் சொல்கின்றன. பல நாடுகள் மேம்பட்ட வரைபடங்களோடு பழைய பத்திகளையும் திருத்தியதால் மொத்தம் உயர்ந்தது. 2025 அறிக்கையின் சொந்தக் கணக்கில், ஆண்டுக்கு 41.2 லட்சம் வீதம் பத்தாண்டில் 4 கோடி ஹெக்டேருக்கு மேல் போயிருப்பதால், 2015இன் திருத்திய அளவு 418 கோடியை ஒட்டியது. அதில் 3 சதவீதம் கூட்டினால் எட்ட வேண்டிய அளவு 430 கோடிக்கு மேல் போகிறது. 414இல் நின்றுகொண்டு, ஐந்தாண்டில் 16 கோடி ஹெக்டேரை நிகரமாகக் கூட்ட வேண்டும்.

ஐந்தாண்டு முறைப்படி அடுத்த மதிப்பீடு இலக்கின் இறுதியாண்டான 2030ஐ ஒட்டி வரும். அதன் முகப்பில் இருக்கும் எண் 414ஐவிடக் கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இலக்கு என்ன ஆனது என்பதை அறிய, பழைய அறிக்கைகளை எடுத்து வைத்து ஒப்பிடக் கூடாது. அந்த ஒரே அறிக்கைக்குள், 2015 என்று தலைப்பிட்ட பத்தியையும் 2030 என்று தலைப்பிட்ட பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; அதன் பின், இயற்கையாக வளர்ந்த காட்டையும் நட்ட காட்டையும் பிரித்துக் காட்டும் அட்டவணையில் அதே இரண்டு பத்திகளையும் பார்க்க வேண்டும்.